டிராவல் டிரெய்லரின் அச்சும் பேரிங்கும்: பயணத்துக்கு முன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறை, பெருநாள் விடுமுறை என்றால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் போவது வழக்கம். காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர் அத்தகைய பயணத்துக்கு மிக வசதியானது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஹலாலான உணவை நாமே சமைத்துக்கொள்ளலாம். உளூ செய்யத் தண்ணீர் தேடி அலைய வேண்டாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தனியிடம் கிடைக்கும்.

ஆனால் அதை வாங்கும்போது பெரும்பாலும் நாம் உள்ளே இருப்பதைத்தான் பார்க்கிறோம். எத்தனை பேர் படுக்கலாம், சமையலறை எப்படி, கூரையில் கசிவு உண்டா என்று கேட்கிறோம். கீழே குனிந்து அச்சையும் சக்கரத்தையும் பார்ப்பவர்கள் குறைவு. இவ்வளவு பெரிய பாரமும் தரையைத் தொடுவது இரண்டு அல்லது நான்கு சக்கரங்களில்தான். அந்தச் சக்கரங்களைத் தாங்குபவை உள்ளங்கையில் அடங்கும் சில பேரிங்குகள். அவற்றில் ஒன்று சிதைந்தால் சக்கரமே கழன்று ஓடக்கூடும். நெடுஞ்சாலையில் கழன்ற சக்கரம் நம் வண்டியோடு நிற்பதில்லை. எதிரே வருபவர்கள் மீதும், ஓரமாக நிற்பவர்கள் மீதும் பாயும்.

பேரிங் பொதுவாக ஒரே நாளில் கெடுவதில்லை. கிரீஸ் நிறம் மாறும், உருளைகளில் கறை படியும், ஹப் சூடாகும். நேரத்தோடு திறந்து பார்ப்பவருக்கு அதன் நிலை தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால் போதும். அந்த ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சக்கரத்துக்குள் இருப்பவை

அச்சு என்பது வண்டியின் அகலத்துக்கு நீண்டிருக்கும் இரும்புக் குழாய். அதன் இரு முனைகளிலும் ஸ்பிண்டில் எனப்படும் கடைந்த தண்டு இருக்கும். அதன்மேல் ஹப் சுழல்கிறது. பிரேக் உள்ள டிரெய்லரில் ஹப்பும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பாக இருக்கும். சக்கரம் அந்த ஹப்பின் போல்ட்டுகளில் மாட்டப்படுகிறது.

ஒவ்வொரு ஹப்புக்குள்ளும் இரண்டு பேரிங்குகள் உண்டு. வண்டியின் உட்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. இரட்டை அச்சுள்ள டிரெய்லருக்கு நான்கு சக்கரங்கள், ஆகவே எட்டுப் பேரிங்குகள். உருளைகளும் உள்வளையமும் சேர்ந்த பகுதியைக் கோன் என்றும், ஹப்புக்குள் அழுத்திப் பொருத்திய வெளிவளையத்தைக் கப் என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள். உட்பக்கப் பேரிங்குக்குப் பின்னால் ரப்பர் உதடு கொண்ட சீல் இருக்கும். கிரீஸ் பிரேக்குக்குள் போகாமலும், தண்ணீரும் தூசும் பேரிங்குக்குள் வராமலும் காப்பது அதுதான். வெளிப்பக்கம் வாஷர், நட், அந்த நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின், எல்லாவற்றையும் மூடும் தொப்பி ஆகியவை வரிசையாக இருக்கும்.

இந்த உருளைகள் ஒரு பக்கம் சிறுத்த கூம்பு வடிவில் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. சக்கரத்தின் மேல் பாரம் மேலிருந்து கீழாக மட்டும் வருவதில்லை. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டு விசைகளையும் ஒருசேரத் தாங்கவே கூம்பு உருளை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் கட்டிவந்த ஹென்றி டிம்கென் 1898இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1899இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரை இன்றும் பேரிங் பெட்டிகளில் காணலாம்.

நம் ஊரில் மாட்டு வண்டிக்கு மையிட்டு ஓட்டியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அங்கே சக்கரம் கழலாமல் காத்தது கடையாணி. இங்கே அந்த வேலையைச் செய்வது சில காசு பெறுமானமுள்ள காட்டர் பின்.

ஓடாவிட்டாலும் கெடும்

“நம் டிரெய்லர் ஆண்டில் இரண்டு பயணம்தான் போகிறது, அதற்கு என்ன பராமரிப்பு?” என்று பலர் நினைப்பதுண்டு. பேரிங்கைப் பொறுத்தவரை நெடுநாள் நிற்பதும் ஆபத்துதான். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது ஹப்புக்குள் ஈரம் படியும். உருளை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுந்தி நிற்பதால், அந்த இடத்தில் கிரீஸ் விலகித் துரு பிடிக்கும். அந்தத் துருப்புள்ளி பிறகு சிறு குழியாகும். அடுத்த கோடையில் வண்டி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் உருளை அந்தக் குழியில் விழுந்து எழும். உலோகம் பொடியாகி கிரீஸில் கலக்கும், சூடு ஏறும், கிரீஸ் உருகி வெளியேறும். அதன் பிறகு இரும்போடு இரும்பு உரசும். முற்றிய நிலையில் உள்வளையம் ஸ்பிண்டிலோடு பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அப்போது பேரிங் மட்டுமல்ல, அச்சையே மாற்ற வேண்டிவரும்.

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பகுதிகளில் வாழ்வோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

உங்கள் அச்சு எந்த வகை?

வேலையைத் தொடங்குமுன் இதை அறிந்துகொள்ள வேண்டும். அச்சுக் குழாயில் ஒட்டியுள்ள தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் தாங்கும் எடையும் இருக்கும். அமெரிக்க டிரெய்லர்களில் அடிக்கடி காணப்படுபவை டெக்ஸ்டர், லிப்பர்ட் ஆகிய நிறுவனங்களின் அச்சுகள். இரண்டுமே இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரைச் சேர்ந்தவை. பொதுவாக மூன்று வகை ஹப்புகளைக் காணலாம்.

முதல் வகை, கழற்றிக் கையால் கிரீஸ் அடைக்கும் சாதாரண ஹப்.

இரண்டாம் வகை, ஸ்பிண்டில் முனையில் கிரீஸ் நிப்பிள் உள்ளது. தொப்பியின் நடுவிலுள்ள ரப்பர் மூடியை எடுத்தால் நிப்பிள் தெரியும். டெக்ஸ்டர் இதை ஈஸி லூப் என்ற பெயரில் விற்கிறது.

மூன்றாம் வகை, தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து மூடிய கேட்ரிட்ஜ் பேரிங். டெக்ஸ்டரின் நெவர் லூப் இந்த வகை. இதைத் திறந்து கிரீஸ் வைக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்றியும் ஆட்டியும் சோதித்து, ஆட்டமோ சத்தமோ அளவுக்கு மீறி இருந்தால் முழுவதுமாக மாற்ற வேண்டும்.

கீழே நாம் சொல்லும் செய்முறை முதல் இரண்டு வகைகளுக்கும் உரியது.

எப்போது செய்ய வேண்டும்?

டெக்ஸ்டர் நிறுவனத்தின் அறிவுரை 12 மாதங்களுக்கு ஒரு முறை அல்லது 12,000 மைலுக்கு ஒரு முறை, இதில் எது முந்தியதோ அது. 12,000 மைல் என்பது ஏறத்தாழ 19,300 கி.மீ. விடுமுறைக்கு மட்டும் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு மைல் கணக்கு வருவதற்குள் மாதக் கணக்கு வந்துவிடும்.

பலரும் இதை வசந்த காலத்தில், முதல் பயணத்துக்கு முன் செய்கிறார்கள். இலையுதிர் காலத்தில், வண்டியை நிறுத்தி வைக்குமுன் செய்வதிலும் ஒரு நன்மை உண்டு. ஈரம் கலந்த பழைய கிரீஸ் குளிர்காலம் முழுதும் பேரிங்கில் இருக்காது. பழைய டிரெய்லர் வாங்கியவர்கள், விற்றவர் என்ன சொன்னாலும், முதல் நீண்ட பயணத்துக்கு முன் எல்லா ஹப்புகளையும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஹப் தண்ணீரில் மூழ்கியிருந்தால் 12 மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

தேவையான பொருட்கள்

தரமான ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அண்டைக் கட்டைகள், டார்க் ரெஞ்ச், பிளையர், சுத்தியல், ஒவ்வொரு சக்கரத்துக்கும் புதிய சீலும் புதிய காட்டர் பின்னும், பிரேக் கிளீனர், பேரிங் கழுவ மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான், நூல் உதிராத துணி, கையுறை ஆகியவை வேண்டும். கிரீஸ் சக்கரப் பேரிங்குக்கு உரியதாக, லித்தியம் காம்ப்ளக்ஸ் வகையில், 2ஆம் எண் கெட்டித்தன்மை உடையதாக இருப்பது வழக்கம். அச்சின் கையேடு சொல்வதே முடிவானது. வேறு வேறு அடிப்படை கொண்ட கிரீஸ்களைக் கலக்கக் கூடாது. சில கலவைகள் இளகி ஓடிவிடும். பழையது என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுவதும் கழுவி எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும்.

மாற்றுப் பேரிங் வாங்கும்போது அச்சின் எடை அளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கழற்றிய கோனிலும் கப்பிலும் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எடுத்துக்காட்டாக, 3,500 பவுண்டு தாங்கும் அச்சுகள் பலவற்றில் உட்பக்கம் எல் 68149, வெளிப்பக்கம் எல் 44649 என்ற கோன்கள் இருக்கும். ஆனால் அதே எடை அளவில் வேறு ஸ்பிண்டில் கொண்ட அச்சுகளும் உண்டு.

செய்முறை

1. சமதளமான, கெட்டியான தரையில் டிரெய்லரை நிறுத்துங்கள். இழுக்கும் வண்டியோடு கட்டியே வைத்திருங்கள். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். அச்சுக் குழாயின் கீழே வைத்தால் குழாய் வளையக்கூடும். தூக்கியதும் சட்டத்தின் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கவே கூடாது.

3. கழற்றுமுன் சக்கரத்தைச் சுற்றிச் சத்தத்தைக் கேளுங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மிகச் சிறிய அசைவு இயல்பு. கடகடவென்று ஆடினாலோ, அரைக்கும் சத்தம் வந்தாலோ உள்ளே கோளாறு உண்டு.

4. சக்கரத்தை எடுத்துவிட்டுத் தொப்பியைச் சுற்றிலும் மெல்லத் தட்டிக் கழற்றுங்கள். காட்டர் பின்னை நிமிர்த்தி உருவுங்கள். நட், வாஷர், வெளிப்பக்கப் பேரிங் ஆகியவற்றை எடுத்து, டிரம்மை நேராக இழுங்கள். வர மறுத்தால் பிரேக் ஷூவைத் தளர்த்திவிட்டு முயலுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் பாகங்களையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். தேய்ந்து பழகிய கோனும் கப்பும் இடம் மாறக் கூடாது.

5. சீலை நெம்பி எடுத்து எறிந்துவிடுங்கள். உட்பக்கப் பேரிங்கை எடுங்கள். பேரிங், கப், ஸ்பிண்டில், ஹப் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் ஒட்டாதபடி கழுவித் துடைத்து நன்கு உலரவிடுங்கள். காற்று அடித்துப் பேரிங்கைச் சுழலவிடாதீர்கள். கிரீஸ் இல்லாமல் வேகமாகச் சுழன்றால் உருளை சேதமடையும், சிதறவும் கூடும்.

6. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு உருளையாகப் பாருங்கள். ஒரே சீரான சாம்பல் பளபளப்பு நல்லது. நீலமோ கருமையோ படர்ந்திருந்தால் சூடு கண்டது என்று பொருள். குழி, கீறல், துரு, உருளைகளைப் பிடித்திருக்கும் கூட்டில் வளைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டும். கப்பின் உட்புறத்தை விரல் நகத்தால் வருடினால் கண்ணுக்குத் தெரியாத குழியும் தட்டுப்படும். கோனை மாற்றினால் கப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய கோனைப் பழைய கப்பில் ஓட்டினால் அதுவும் விரைவில் கெடும். ஸ்பிண்டிலில் உராய்வுத் தழும்போ, சீல் உட்காரும் இடத்தில் ஆழமான கோடோ இருந்தால் அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

7. கிரீஸ் அடைப்பதற்கு உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். சற்றே திருப்பி அடுத்த இடம். இப்படிச் சுற்று முழுவதும். மேலே பூசுவது மட்டும் போதாது, உள்ளே நிறைய வேண்டும். கப்புகளிலும் ஸ்பிண்டிலிலும் மெல்லிய பூச்சு கொடுங்கள்.

8. உட்பக்கப் பேரிங்கை வைத்துப் புதிய சீலைச் சாயாமல் சமமாகத் தட்டி இறக்குங்கள். மேலே ஒரு மரத்துண்டு வைத்துத் தட்டுவது நல்லது. சீலின் உதட்டில் சிறிது கிரீஸ் தடவுங்கள். டிரம்மின் உட்பரப்பில் கிரீஸ் பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

9. டிரம்மை ஏற்றி, வெளிப்பக்கப் பேரிங், வாஷர், நட் மாட்டுங்கள். அடுத்து வருவது பலர் தவறும் இடம். டிரம்மைச் சுற்றிக்கொண்டே நட்டை ஏறத்தாழ 50 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். இது பேரிங்குகளைச் சரியாக அமர வைக்க மட்டுமே. பிறகு டிரம்மைச் சுற்றாமல் நட்டை முழுவதும் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, தொட்டுக்கொள்ளும் அளவில் நிறுத்துங்கள். காட்டர் பின் துளை நேராக வராவிட்டால் அருகிலுள்ள துளைக்கு வரும்வரை நட்டைப் பின்னோக்கித் திருப்புங்கள், இறுக்கித் துளையைத் தேடாதீர்கள். வீல் நட்டைப்போல் இதையும் இறுக்கிவிட்டால் சில மைல்களிலேயே பேரிங் வெந்துவிடும். நட்டைப் பிடித்து நிறுத்துவது இறுக்கம் அல்ல, காட்டர் பின்தான். ஆகவே புதிய பின் போட்டு நன்றாக மடக்குங்கள். பின்னுக்குப் பதிலாகத் தகட்டுப் பூட்டு உள்ள அச்சுகளுக்கு அவற்றின் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

10. சக்கரத்தை மாட்டி வீல் நட்டுகளை முதலில் கையால் திருகுங்கள். பிறகு எதிரெதிராக, மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அரை அங்குல போல்ட்டுக்கு டெக்ஸ்டர் தரும் அளவு முதல் கட்டம் 20 முதல் 25, இரண்டாம் கட்டம் 50 முதல் 60, மூன்றாம் கட்டம் 90 முதல் 120 அடி-பவுண்டு. மாட்டிய பின் 10, 25, 50 மைல்களில் வண்டியை நிறுத்தி மீண்டும் சரிபாருங்கள். சக்கரம் கழல்வதற்குப் பேரிங் மட்டும் காரணமல்ல. தளர்ந்த வீல் நட்டும் அதே விபத்தைத்தான் உண்டாக்கும்.

நிப்பிள் இருந்தால் திறக்க வேண்டாமா?

ஈஸி லூப் போன்ற அச்சுகளில் நிப்பிள் வழியாக ஏற்றும் கிரீஸ், ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் துளை வழியாகச் சென்று உட்பக்கப் பேரிங்கின் பின்னால் வெளிப்படும். அங்கிருந்து அந்தப் பேரிங்கையும் ஹப்பின் வயிற்றையும் கடந்து, வெளிப்பக்கப் பேரிங் வழியாக முன்னால் வரும். சக்கரத்தைத் தூக்கி, சுற்றிக்கொண்டே, கைத்துப்பாக்கியால் மெதுவாக ஏற்ற வேண்டும். நிற்கும் சக்கரத்தில் வேகமாக ஏற்றினாலோ, காற்றழுத்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தினாலோ கிரீஸ் சீலைப் பிதுக்கிக்கொண்டு பிரேக்குக்குள் போய்விடும். கிரீஸ் ஊறிய ஷூக்கள் பிடிக்காது. அவற்றைக் கழுவிப் பயன்படுத்தவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

நிப்பிள் புதிய கிரீஸைக் கொடுக்கும். ஆனால் உருளையில் குழி இருக்கிறதா, சீல் கிழிந்திருக்கிறதா, பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லாது. ஆகவே நிப்பிள் உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதே சரி.

டிரம் திறந்திருக்கும்போது பிரேக்கையும் பாருங்கள்

பெரும்பாலான டிராவல் டிரெய்லர்களில் மின்சார பிரேக் உண்டு. உள்ளே ஒரு மின்காந்தம் டிரம்மின் முகத்தில் ஒட்டி, ஷூக்களை விரிக்கிறது. காந்தம் தேய்ந்து உள்ளிருக்கும் செம்புச் சுருள் தெரிந்தால் மாற்ற வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கங்களிலும் சேர்த்து மாற்றினால்தான் பிரேக் சமமாகப் பிடிக்கும். காந்தத்துக்குச் செல்லும் ஒயரில் உரசல் உண்டா என்றும் பாருங்கள்.

தானாகச் சரிசெய்துகொள்ளாத பிரேக் என்றால், சக்கரத்தை மாட்டிய பின் பின்தகட்டின் துளை வழியாகப் பல்சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் சுற்றக் கடினமாகும்வரை ஷூவை விரித்து, பிறகு லேசான உரசலோடு சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

அச்சும் ஸ்பிரிங்கும்

லீஃப் ஸ்பிரிங் உள்ள வண்டியில் பட்டைகளில் விரிசல், யூ போல்ட்டுகளில் தளர்வு ஆகியவற்றைப் பாருங்கள். இரட்டை அச்சு வண்டியில் இரு ஸ்பிரிங்குகளுக்கும் நடுவில் பாரத்தைப் பங்கிடும் ஈக்குவலைசரும், அதைத் தாங்கும் ஷேக்கிள்களும் இருக்கும். அந்தப் போல்ட்டுகளில் பல வண்டிகளுக்கு நைலான் புஷ் வருகிறது. அது தேய்ந்து தீர்ந்தால் போல்ட் ஷேக்கிளின் துளையை அறுத்து நீள்வட்டமாக்கிவிடும். வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் போல்ட்டும் கொண்ட மாற்றுத் தொகுதிகள் கிடைக்கின்றன. அவை உள்ளவர்கள் அவற்றுக்கும் கிரீஸ் ஏற்ற வேண்டும்.

டார்ஷன் அச்சில் ஸ்பிரிங் கிடையாது. அச்சுக் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் தண்டுகளே அதிர்வைத் தாங்குகின்றன. அந்த ரப்பருக்கு எண்ணெயோ கிரீஸோ தேவையில்லை. ஆனால் அதன் ஹப்பில் பேரிங் உண்டு. ஸ்பிரிங்குக்குப் பராமரிப்பு வேண்டாம் என்பதைப் பேரிங்குக்கும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்பிரிங் வைத்த நேர் அச்சுகள் பெரும்பாலும் நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். பாரம் ஏறியதும் சக்கரம் நேராக நிற்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அளவுக்கு மீறிய சுமை அந்த வளைவைக் குலைத்தால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். இரு விளிம்பும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே பள்ளமாகத் தேய்ந்தால் சக்கரச் சமநிலையையும் பேரிங் தளர்வையும் சோதியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும்.

எடையை நிறுத்துப் பாருங்கள்

நம் குடும்பங்கள் பயணம் போகும்போது அரிசி மூட்டை, பெரிய சட்டிகள், விருந்தினர் சாமான் என்று சேர்த்துக்கொண்டே போவது இயல்பு. அமெரிக்க அளவில் ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 332 பவுண்டு, அதாவது 150 கிலோ கூடும். டிரெய்லரின் இடப்புறம் முன்பகுதியில் ஒட்டியுள்ள தகட்டில் ஒவ்வொரு அச்சும் தாங்கும் எடையும் டயருக்கான காற்றழுத்தமும் இருக்கும். லாரிகள் நிற்கும் நிலையங்களில் உள்ள கேட் ஸ்கேல் போன்ற எடை மேடைகளில், பயணத்துக்கு ஏற்றிய நிலையிலேயே ஒரு முறை நிறுத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

சாலையில் கவனிக்க வேண்டியவை

டிரெய்லரின் சக்கரம் எழுப்பும் சத்தம் முன்னால் காரில் இருப்பவர் காதுக்கு எட்டாது. ஆகவே ஓட்டுநர் இறங்கிப் பார்த்தால்தான் உண்டு. எரிபொருளுக்கோ தொழுகைக்கோ வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று நடந்து, எல்லா ஹப்புகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். தொடாமல் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் முதலில் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். அவசரப்பட்டுப் பிடித்தால் கை வெந்துவிடும்.

எல்லாம் ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. மலையிறக்கத்தில் பிரேக் பிடித்து வந்த பின் எல்லாமே சூடாக இருக்கும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கே பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு. சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்த கோடுகள், தொப்பி விழுந்திருத்தல், கருகிய வாடை, சக்கரம் சாய்ந்து நிற்றல் ஆகியவையும் அறிகுறிகளே.

அப்படிக் கண்டால் “அடுத்த ஊர் வரை போய்விடலாம்” என்று ஓட்டாதீர்கள். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்துங்கள். பிள்ளைகளைப் போக்குவரத்துக்கு எதிர்ப்பக்கமாக இறக்கி, தள்ளி நிற்க வையுங்கள். சூடான ஹப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறிய பிறகு திறந்து பாருங்கள், அல்லது இழுவை வண்டிக்கு அழையுங்கள்.

நீண்ட பயணத்தில் ஒரு சக்கரத்துக்கான உள், வெளிப் பேரிங்குகள் கப்புகளுடன், ஒரு சீல், காட்டர் பின்கள், ஒரு தொப்பி, சிறு டப்பா கிரீஸ் ஆகியவற்றை உடன் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மெக்கானிக் கிடைத்தாலும் உங்கள் அச்சுக்குரிய பேரிங் அவரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மெக்கானிக்கிடம் கொடுப்பதானால்

எல்லோராலும் இதைச் செய்ய இயலாது. வயதானவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் கடையில் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது சிலவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். டிரம்மைக் கழற்றிப் பார்ப்பீர்களா, நிப்பிளில் மட்டும் கிரீஸ் ஏற்றுவீர்களா? எல்லாச் சக்கரத்துக்கும் புதிய சீல் உண்டா? என்ன கிரீஸ்? பிரேக் ஷூவும் காந்தமும் எந்த நிலையில் இருக்கின்றன? மாற்றிய பழைய பாகங்களை எனக்குக் காட்ட முடியுமா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

யார் செய்தாலும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தேதி, ஓடிய மைல், பேரிங் எண்கள், கிரீஸின் பெயர், ஒவ்வொரு சக்கரத்திலும் கண்டது. அடுத்த ஆண்டு திறக்கும்போது எது மாறியிருக்கிறது என்று தெரியும். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் மறைக்காமல் காட்டவும் அது உதவும்.

வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கிக்குக் கீழே அல்ல, கழுவவும், எண்களைப் படித்து எழுதவும், நல்ல உருளைக்கும் கெட்ட உருளைக்கும் வேறுபாடு காணவும். நம் வண்டி நமக்கு மட்டும் பாதுகாப்பாக இருந்தால் போதாது, சாலையில் நமக்குப் பின்னாலும் எதிரிலும் வரும் குடும்பங்களும் நம் கவனத்தை நம்பித்தான் பயணம் செய்கின்றன என்பதையும் அவர்கள் அப்போது கற்றுக்கொள்வார்கள்.